ஓய்வூதியர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான அலுவல்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. பொங்கல் விழாவும் கண் பரிசோதனை முகாமும் நல்லபடியாக நிறைவேறின. படங்கள் அறிவிப்புப் பலகையில் உள்ளன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அறிக்கையின் மீதி முழுவதும் ஒரே பொருளைப் பற்றியது. தொலைபேசியில் பேச்சாலேயே ஆளை வசப்படுத்திப் பணம் பறிக்கும் மோசடிகளைப் படித்தறிந்து தடுப்பதை இவ்வாண்டின் முதன்மைப் பணியாகக் கொள்ளச் சென்ற பொதுக்குழு தீர்மானித்தது. விவரம் தெரிந்தவர்கள் இதைச் சமூகப் பொறியியல் என்கிறார்கள். இந்தத் திருடர்கள் வங்கியின் பூட்டில் கை வைப்பதில்லை. சாவி வைத்திருப்பவரே திறந்துவிடும்படி பேசுகிறார்கள்.

இது பற்றிய முதல் கூட்டத்தில் ஓர் உறுப்பினர், “விவரம் இல்லாதவர்கள்தானே ஏமாறுகிறார்கள், நமக்கு எதற்கு இந்த வகுப்பு?” என்று கேட்டார். சில மாதங்களில் லூதியானாவிலிருந்து பதில் வந்தது. வர்த்தமான் ஜவுளிக் குழுமத்தின் தலைவரும் பத்மபூஷண் விருது பெற்றவருமான எஸ்.பி. ஓஸ்வால், 82 வயதில், 7 கோடி ரூபாய் பறிகொடுத்தார். சிபிஐ அதிகாரிகள் என்று சொன்னவர்கள் அவரைக் காணொளி அழைப்பிலேயே கண்காணிப்பில் வைத்தார்கள். அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் பெயரில் போலி உச்ச நீதிமன்ற விசாரணை ஒன்றையே நடத்திக் காட்டினார்கள். புகார் கொடுத்தபின் 5.25 கோடி ரூபாய் மீட்கப்பட்டது. பெரிய ஆலைகளை நடத்துபவருக்கு விவரம் போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கேள்வி கேட்ட உறுப்பினர் அதற்குப்பின் எல்லா வகுப்புக்கும் வந்தார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

பயம், அவசரம், அதிகார மிடுக்கு ஆகிய மூன்றையும் எல்லா மோசடிகளிலும் காணலாம். ‘சென்ற மாத மின்கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும்’ என்று நமக்கெல்லாம் வந்த குறுஞ்செய்தியில் இம்மூன்றும் இருந்தன. காணொளி அழைப்பிலேயே கைது செய்துவிட்டதாக மிரட்டும், டிஜிட்டல் கைது எனப்படும் மோசடியில் நான்காவதாக ஒன்று சேர்கிறது. அதுதான் மற்ற மூன்றையும்விடக் கொடியது என்பது என் கருத்து: ஆளைத் தனிமைப்படுத்துவது. “இது தேசப் பாதுகாப்பு விஷயம், பிள்ளைகளிடம்கூடச் சொல்லக் கூடாது, அழைப்பைத் துண்டிக்கக் கூடாது” என்பார்கள். பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, வீட்டில் தனியாகவோ இருவராகவோ வாழும் நம் போன்றவர்களுக்கு அந்தத் தனிமை ஏற்கெனவே பாதி இருக்கிறது. மீதியைத்தான் அவர்கள் செய்ய வேண்டும்.

நமது உறுப்பினர் ஒருவருக்கு நேர்ந்ததை, அவருடைய அனுமதியுடன், பெயர் குறிப்பிடாமல் சொல்கிறேன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. “உங்கள் எண் முடக்கப்படும், விவரம் அறிய 9-ஐ அழுத்தவும்” என்ற பதிவுக் குரலில் தொடங்கியது. அடுத்து மும்பைக் காவல்துறை என்றார் ஒருவர். வாட்ஸ்அப் காணொளியில் சீருடை, பின்சுவரில் அசோகச் சின்னம். அம்மையாரின் ஆதாரில் வாங்கிய சிம் கார்டு கறுப்புப் பணக் கும்பலிடம் இருக்கிறதாம். வைப்புத்தொகையைச் ‘சரிபார்ப்புக் கணக்குக்கு’ மாற்றினால் குற்றமற்றவர் என்று உறுதியானதும் திருப்பித் தருவார்களாம். வங்கியில் ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்டால் வீட்டு மராமத்து என்று சொல்ல வேண்டும் என்றும் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

வைப்புத்தொகையை முறிக்க அவர் வங்கி வரிசையில் நின்றபோது, ஆயுள் சான்று கொடுக்க வந்த நமது துணைத் தலைவரும் அங்கே இருந்தார். “என்ன டீச்சர், இந்த வெயிலில்?” என்று கேட்டார். பதில் இல்லை. டீச்சரின் கையிலிருந்த தொலைபேசியில் அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது; அவர் அதைக் காதில் வைக்கவும் இல்லை, துண்டிக்கவும் இல்லை. துணைத் தலைவர் மேலும் எதுவும் பேசாமல் ஒரு துண்டுத்தாளில் “யார் லைனில்?” என்று எழுதி நீட்டினார். அம்மையாருக்குக் கண் கலங்கிவிட்டது. பணம் தப்பியது. துணைத் தலைவருக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று பலரும் கேட்டார்கள். வகுப்பில் வந்த பாடம்தான் அது. அழைப்பை ஓடவிட்டபடியே வங்கிக்கு அனுப்புவது அந்தக் கும்பல்களின் வழக்கம்.

சட்ட நிலையை உறுப்பினர்கள் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, நீதிமன்ற அழைப்பாணையை மின்னணு வழியில் அனுப்ப இடம் தருகிறது. அதைக் கேள்விப்பட்ட சிலர் கைதும் அப்படித்தான் போலும் என்று நினைத்துவிட்டார்கள். காணொளியில் கைது செய்ய எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. 2024 அக்டோபர் 27 வானொலி உரையில் பிரதமரும் இதையே சொன்னார். விசாரணைக்கு ஆஜராகும்படி காவல்துறை தரும் நோட்டீஸையே வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. நம் உறுப்பினரான ஓய்வு பெற்ற உதவி ஆய்வாளர் இதைச் சுருக்கமாகச் சொன்னார்: “கைது செய்ய வருகிறவன் கதவைத் தட்டுவான்.”

சொற்பொழிவாக நடந்த வகுப்புகளைவிட நடித்துப் பார்த்த வகுப்புகளே அதிகம் பயன்பட்டன. தொலைபேசித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் சுங்க அதிகாரியாக நடித்தார். அவருக்குள் இப்படி ஒரு குரல் இருப்பது அவர் மனைவிக்கே தெரியாதாம். நடிப்பு என்று தெரிந்தும், “உங்கள் பணம் எந்த வங்கியில்?” என்று அதட்டியபோது சிலர் வங்கியின் பெயரையும் கிளையின் பெயரையும் சொல்லிவிட்டார்கள். அதட்டலுக்குப் பதில் சொல்லியே முப்பது ஆண்டுகள் அலுவலகத்தில் வாழ்ந்தவர்கள் நாம். பழக்கம் அவ்வளவு எளிதில் ஓய்வு பெறுவதில்லை. எனவே ஒரே ஒரு வாக்கியத்தை எல்லோரும் வாய்விட்டுச் சொல்லிப் பழகினோம்: “வீட்டில் கேட்டுவிட்டு நானே அழைக்கிறேன்.” சொன்னதும் துண்டித்துவிட வேண்டும். மறுமொழிக்குக் காத்திருக்கக் கூடாது. திரும்ப அழைப்பதும் பாஸ்புக்கில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்குத்தான். வந்த எண்ணுக்கு அல்ல.

பணம் வருகிறது என்று சொல்லி யுபிஐ ரகசிய எண்ணைக் கேட்கும் தந்திரத்தையும் செய்து காட்டினோம். பணம் பெறுவதற்கு அந்த எண் தேவையே இல்லை. திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதம் என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகளை, அதாவது கைபேசியில் செயலியை நிறுவும் கோப்புகளை, தொடவே வேண்டாம். நட்சத்திரம் 401 நட்சத்திரம் என்று தொடங்கி ஓர் எண்ணை அழுத்தச் சொன்னால், நமக்கு வரும் அழைப்புகள் திருடனுக்குத் திரும்பிவிடும் என்று பொருள். அந்த வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தி வைக்கத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. ஆனாலும் கேட்பவன் கேட்டுக்கொண்டுதான் இருப்பான்.

ஓர் உறுப்பினர் அத்தகைய அபராதக் கோப்பு ஒன்றைத் திறந்து பணம் இழந்தார். உடனே இணையப் பண மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-ஐ அழைத்ததால் ஒரு பகுதி, இடையிலிருந்த கணக்கு ஒன்றில் முடக்கப்பட்டது. மறுநாள் அழைத்திருந்தால் பணம் பல கணக்குகள் மாறிப்போயிருக்கும். அழைக்கும்போது பரிவர்த்தனை எண், தொகை, நேரம், வங்கி ஆகியவற்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். இவற்றை எழுதும் படிவத்தை அச்சிட்டு வழங்கியிருக்கிறோம். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, ரகசிய எண்ணை நாமே கொடுத்துவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு நம்முடையது. தெரிவித்தபின் நேரும் இழப்பு வங்கியுடையது. வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை உண்டு.

வங்கிகள் மீது ஒரு குறையும் உண்டு. இந்நகரின் வங்கிக் கிளை ஒன்றிலிருந்து சாதாரணக் கைபேசி எண்ணில் அழைத்து, பிறந்த தேதி, ஆதாரின் கடைசி இலக்கங்கள் எல்லாம் கேட்கிறார்கள். உண்மையான வங்கிக்காரரே திருடனைப் போலப் பேசினால், எழுபது வயதுக்காரர் எப்படிப் பிரித்தறிவார்? சேவை தொடர்பான அழைப்புகளை 1600 என்று தொடங்கும் எண்களிலிருந்தே செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் அறிவுறுத்தியிருப்பதைச் சுட்டிக் கிளைக்குக் கடிதம் எழுதினோம். பதில் வரவில்லை.

நமது உறுப்பினர் கையேட்டின் புதிய பதிப்பில் பிறந்த தேதியும் ஓய்வூதிய ஆணை எண்ணும் இராது. பிறந்தநாள் வாழ்த்து நின்றுவிடுமே என்று சிலருக்கு மனக்குறை. ஆயுள் சான்றைப் புதுப்பிப்பதாகச் சொல்லி நவம்பரில் அழைப்பவர்கள், இந்த விவரங்களை முதலில் தாங்களே சொல்லித்தான் நம்பிக்கையைப் பெறுகிறார்கள் என்பதால் செயற்குழு இம்முடிவில் உறுதியாக இருக்கிறது. வாழ்த்து தொடரும், மாதத்தை மட்டும் குறித்துக்கொள்வோம். வீட்டுக்கே வந்து ஆயுள் சான்று எடுக்கும் அஞ்சல்காரர் சேவையை நாடுவோருக்குச் சங்க அலுவலகம் உதவும்.

இக்கும்பல்களில் பல எல்லைக்கு அப்பாலிருந்து இயங்குகின்றன என்று உள்துறை அமைச்சகமே கூறியிருக்கிறது. வேலை என்று நம்பிப் போய் மியான்மரின் மியாவடியில் சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர்கள் 2022-ல் மீட்கப்பட்டது நினைவிருக்கலாம். அவர்களைக் கட்டாயப்படுத்திச் செய்ய வைத்த வேலையும் இணையவழி மோசடிதான். மறுமுனையில் நல்ல தமிழ் கேட்டால் அது யாரோ ஒரு வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். அதற்காகப் பேச்சை நீட்ட வேண்டியதில்லை. வெளிநாட்டு வேலை தேடும் பேரப்பிள்ளைகள் உள்ள வீடுகளில் இச்செய்தியைச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்பவர்களைப் பற்றியும் சொல்லுங்கள். கமிஷனுக்கு ஆசைப்பட்டுக் கணக்கைக் கொடுத்தவர் வீட்டுக்குத்தான் போலீஸ் முதலில் வருகிறது.

வரும் ஆண்டில், தனியே வசிக்கும் ஒவ்வோர் உறுப்பினருக்கும் மற்றோர் உறுப்பினர் தொலைபேசித் துணையாக இருப்பார். பெரிய தொகை எதையும் எடுக்குமுன் துணைவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தொகை எவ்வளவு, எதற்கு என்று அவர் கேட்க மாட்டார். பட்டியல் என்னிடம் இருக்கிறது. இன்னும் பெயர் கொடுக்காதவர்கள் தேநீர் இடைவேளையில் கொடுக்கலாம். வங்கிக்கு அனுப்பிய கடிதத்தைப் புதிய செயற்குழு மண்டல அலுவலகம் வரை கொண்டுசெல்ல வேண்டும். இவ்வறிக்கையை ஏற்றுத் தரும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்