மழைக்கு முன் 27 பூனைகளுக்குக் கருத்தடை: ஒரு நன்கொடை வேண்டுகோள்

நம் குடியிருப்பில் உள்ளவர்களுக்கும் பக்கத்துத் தெருக்காரர்களுக்கும் வணக்கம்.

மோட்டார் அறைக்குப் பின்னால் படுத்திருக்கும் கறுப்பு வெள்ளைப் பூனையை உங்களில் பலருக்குத் தெரியும். ஒன்றரை வருடத்தில் நான்கு ஈத்து போட்டது. கடைசி ஈத்தில் பிழைத்தது ஒரே குட்டி, அதுவும் இரண்டு கண்ணும் பீளை கட்டி ஒட்டிப்போய்க் கிடந்தது. வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துத் துடைத்துத்தான் கண்ணைத் திறக்க வைத்தோம். பூனைக்குச் சினைக்காலம் ஒன்பது வாரம்தான். குட்டிக்குப் பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகிவிடும். அந்தக் குட்டியும் பெட்டையாக இருந்தால் ஐந்து மாதத்தில் அதுவும் சினையாகிவிடலாம்.

பூனைகளைப் பிடித்து எங்காவது விட்டுவிடலாமே என்று கூட்டத்தில் சிலர் கேட்டீர்கள். போன வருடம் யாரோ அதைத்தான் செய்தார்கள். ராத்திரியோடு ராத்திரியாக ஆறு பூனைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தாயில்லாத குட்டிகள் மூன்று நாள் கத்தியதை முதல் பிளாக்கில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சரி, பூனை குறைந்ததா? இரண்டே மாதத்தில் அந்த இடத்துக்குப் புதுப் பூனைகள் வந்துவிட்டன. லூப் ரோட்டில் மீன் அங்காடி இருக்கும்வரை, செதிலும் குடலும் கிடைக்கும்வரை, இந்தப் பக்கம் பூனை வரத்தான் செய்யும். பட்டினி கிடக்கும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

பலன் தருவது ஒரே வழிதான். பிடித்து, கருத்தடை ஆபரேஷன் செய்து, ரேபிஸ் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவது. தெருநாய்களுக்கு இந்த வழியை ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1964-லேயே சென்னையில் தொடங்கிவிட்டது. ஆபரேஷன் ஆன பூனைக்கு அடையாளமாக இடது காது நுனியைக் கொஞ்சம் வெட்டிவிடுவார்கள். மயக்கத்திலேயே செய்வதால் வலிக்காது, மறுபடி அதையே பிடிக்கவும் வேண்டியிருக்காது. கடுவன்களுக்கும் செய்தால் ராத்திரிச் சண்டையும் படிக்கட்டில் அடிக்கும் மூத்திர நாற்றமும் பெருமளவு அடங்கும். பழைய பூனைகள் அவரவர் இடத்தில் இருக்கும்போது புதுப் பூனை அவ்வளவு எளிதில் நுழையாது.

நாங்கள் எண்ணிய வரை 41 பூனைகள். 14 முடிந்துவிட்டது. மீதி 27. பாதியில் நிறுத்தினால் செய்ததும் வீண், மீதிப் பெட்டைகள் ஒரே வருடத்தில் எண்ணிக்கையைப் பழையபடி ஆக்கிவிடும். அக்டோபரில் மழை பிடித்துவிட்டால் தையல் ஈரமாகிச் சீழ் வைக்கும் என்பதால் செப்டம்பருக்குள் முடிக்க நினைக்கிறோம்.

ஒரு பூனைக்கு 1,800 ரூபாய் ஆகிறது. ஆபரேஷன், தடுப்பூசி, பூச்சி மருந்து, பெட்டைகள் மூன்று ராத்திரி தங்கும் செலவு, ஆட்டோ எல்லாம் இதில் அடக்கம். 27 பூனைக்கு 48,600. கூண்டு இரண்டு வாங்க 7,000. கையில் 11,600 இருக்கிறது. தேவை 44,000 ரூபாய். ஒரு வீடு ஒரு பூனை என்று ஏற்றுக்கொண்டால் பெரும் உதவி. நூறு ரூபாயும் எங்களுக்குப் பெரிதுதான். பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி பில்களை வாராவாரம் லிஃப்ட் பக்கத்துப் பலகையில் ஒட்டுவோம்.

பணம் தர முடியாதவர்கள் பழைய லுங்கி, போர்வை தாருங்கள். கூண்டைத் துணியால் மூடினால்தான் பூனை மிரளாமல் இருக்கும். சோறு வைப்பவர்கள் ஒரே நேரத்தில் வைத்து, அரை மணியில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். எலியும் கரப்பானும் வராது, எங்களுக்கும் எண்ணிப் பார்க்க வசதி.

அப்புறம் ஒன்று. வரும் ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்கு நெத்திலிக் கருவாடு வைத்துக் கூண்டு போடுகிறோம். பசித்த பூனைதான் உள்ளே போகும். மயக்க மருந்துக்கும் வெறும் வயிறு வேண்டும். சனிக்கிழமை ராத்திரி மட்டும் யாரும் சாப்பாடு வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
பூனைகள் பராமரிப்புக் குழு