ஜீப் திரும்பும் நேரத்தில் ரத்தம் எடுங்கள்

மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மக்களின் உடல்நலத்தைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ச் சமுதாயக்கூடத்தில் மருத்துவ முகாம் நடந்தது. என் மதினியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். சர்க்கரை பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், விரலில் குத்தி ரத்த அளவு பார்த்தார்கள். "ரத்தம் கம்மியா இருக்கு" என்று சொல்லி சத்து மாத்திரை கொடுத்தார்கள். அதே மாத்திரையை மதினி ஏற்கெனவே எட்டு மாதமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். "இவங்களுக்குத் தைராய்டும் பாத்துருங்க சார், எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது" என்று கேட்டேன். மேசையில் இருந்தவர் நல்லவிதமாகத்தான் பதில் சொன்னார். "அது இங்க எடுக்குறதில்லைம்மா. செவ்வாய்க்கிழமை காலைல ஒன்பதரைக்கு வெறும் வயித்தோட ஆஸ்பத்திரிக்கு வாங்க."

செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்கு நாங்கள் எங்கே இருப்போம் என்று உங்களுக்குத் தெரியும். விடியும் முன்னே ஜீப் ஏறி, போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவும் தாண்டி, கேரளாவில் பூப்பாறைப் பக்கமோ சாந்தன்பாறைப் பக்கமோ ஏலச்செடியின் தூரில் குத்தவைத்துக் காய் கிள்ளிக்கொண்டிருப்போம். எங்கள் ஜீப்புகள் எத்தனை மணிக்குச் சோதனைச் சாவடியைக் கடக்கும், எத்தனை மணிக்குத் திரும்பும் என்பதெல்லாம் இரண்டு அரசாங்கத்துக்கும் தெரிந்த கணக்கு. அந்த ஒன்பதரை மணியை யாருக்காக வைத்தீர்கள் என்பதைத்தான் முதலில் கேட்க விரும்புகிறேன்.

என் கதையைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது.

எனக்கு அசதி வந்தது ஒரே நாளில் இல்லை. முதலில் ஜீப்பிலேயே தூங்க ஆரம்பித்தேன். வளைவுக்கு வளைவு பக்கத்துப் பெண்ணின் மடியில் சாய்ந்துவிடுவேன். அப்புறம் குளிர். மலையில் எல்லாருக்கும் குளிரும், ஆனால் கீழே போடி வெயிலிலும் எனக்குப் போர்வை வேண்டியிருந்தது. கை மரத்துப்போகும், கிள்ளிய காய் விரலில் நிற்காது. முகம் உப்பியது. தலைமுடி சீப்போடு கொத்தாக வந்தது. மாதவிலக்கு பத்து நாள் வரை போனது. குரலும் கட்டையாகிவிட்டது. வெளியூரில் படிக்கும் மகன் போனில் "யாரு பேசுறது?" என்று கேட்டான். அன்றைக்குத்தான் பயந்தேன்.

காய் எடுப்பு என்பது நின்று செய்யும் வேலை இல்லை. சரம் மண்ணோடு படர்ந்து கிடக்கும். நாள் முழுக்கக் குத்தவைத்தே நகர வேண்டும். எழுந்திருக்க நான் பக்கத்துச் செடியைப் பிடிப்பேன், செடி ஒடியும், சூப்பர்வைசர் சத்தம் போடுவார். "உடம்பு வணங்க மாட்டேங்குது உனக்கு" என்று கங்காணி எல்லார் முன்னாலும் சொன்னார். வீட்டிலும் அப்படித்தான் நினைத்தார்கள். மாமியார் என் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "கழலை ஒண்ணும் இல்லையே" என்றார். கழுத்தில் வீக்கம் இருந்தால்தான் தைராய்டு என்று எங்கள் ஊரில் இன்னும் நம்புகிறார்கள். வீக்கமே இல்லாமலும் அந்தச் சுரப்பி சுணங்கிப்போகும் என்பது எனக்கே அப்போது தெரியாது.

இரண்டு வருடம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். இரண்டு வருடமும் என் சீட்டில் ஒரே வார்த்தைதான். பலவீனம். சத்து மாத்திரை கொடுத்தார்கள். ரத்தம் குறைவாக இருந்தது உண்மைதான், நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ரத்தம் ஏன் குறைந்தது? தைராய்டு குறைந்தால் மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போகும், உடம்பில் ரத்தம் ஊறுவதும் குறையும். கீழே ஓட்டையை வைத்துக்கொண்டு மேலே தண்ணீர் ஊற்றியது போலத்தான் அந்த இரண்டு வருட மாத்திரையும்.

கண்டுபிடித்தது மலைக்கு அந்தப் பக்கத்து டாக்டரம்மா. தோட்டத்தில் நான் மயங்கி விழுந்த அன்று தூக்கிக்கொண்டு போனார்கள். "க்ஷீணமாணோ? எத்ர நாளாயி?" என்று கேட்டார். நாம் அசதி என்கிறோம், அவர்கள் க்ஷீணம் என்கிறார்கள், எனக்குப் புரிந்தது. முகத்தைப் பார்த்தார், குரலைக் கவனித்தார், மாதவிலக்கைப் பற்றிக் கேட்டார். முட்டிபோட வைத்து, குதிகாலுக்கு மேல் நரம்பில் ஒரு சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் சட்டென்று துள்ளியது, ஆனால் பழைய நிலைக்கு மெதுவாகத்தான் வந்தது. தைராய்டு குறைந்தவர்களுக்கு அப்படி இருக்குமாம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தைராய்டு எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் டி.எஸ்.ஹெச் என்ற ரத்தப் பரிசோதனையைப் பார்க்கச் சொல்லி எழுதிக்கொடுத்தார். அட்டை, விலாசம் எல்லாம் தமிழ்நாடு என்பதால், ஊரிலேயே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

ஊரில் எடுத்தேன். அதற்கு மூன்று கூலி போயிற்று. அதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் செவ்வாய் பத்து மணி வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வரிசையில் நின்றேன். பரிசோதனைக்கான மருந்து தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வா என்றார்கள். அடுத்த செவ்வாய் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வெள்ளிக்கிழமை, அதுவும் பகல் ஒரு மணிக்குள் வந்து வாங்க வேண்டும். எனக்கு ஒரு நாள் கூலி 500 ரூபாய். மூன்று நாளும் கூலி இல்லை. காய் எடுப்பு நேரத்தில் இரண்டு வாரத்துக்குள் மூன்று நாள் வராதவளுக்கு கங்காணி ஜீப்பில் இடம் வைத்திருப்பாரா? வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார். வேறு ஜீப்பில் இடம் பிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. வெளியே தனியாரிடம் 350 ரூபாய்க்கு எடுத்திருக்கலாம் என்று சொல்வீர்கள். அவர்களும் காலையில் வா என்றுதான் சொன்னார்கள்.

முடிவில் 61 என்று இருந்தது. நாலு, ஐந்துக்குள் இருக்க வேண்டிய எண். எனக்குப் படிக்கத் தெரியும், அதனால் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தைராய்டு சுரப்பி சோர்ந்து போனால், அதை எழுப்ப மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி இந்த டி.எஸ்.ஹெச்சை அதிகமாக அனுப்பும். எண் ஏற ஏற, கழுத்தில் இருக்கும் சுரப்பி அவ்வளவு சுணங்கியிருக்கிறது என்று பொருள். இவ்வளவையும் ஒரு குழாய் ரத்தம் சொல்லிவிடும்.

மாத்திரை கொடுத்தார்கள், நன்றி. ஆனால் எப்படிச் சாப்பிடுவது என்று யாரும் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் டீயோடு சேர்த்து, தைராய்டு மாத்திரையையும் சத்து மாத்திரையையும் ஒன்றாகப் போட்டேன். இரண்டு மாதம் கழித்து, இன்னொரு கூலியை விட்டுவிட்டுப் போய் ரத்தம் கொடுத்தால், 38. இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும், இதைச் சாப்பிட்ட பின் அரை மணியாவது டீ குடிக்கக்கூடாது என்று மருந்துக்கடைப் பையன்தான் சொன்னான். இப்போது நான்கு மணிக்கு எழுந்ததும் முதல் வேலையாக மாத்திரை, அப்புறம் அடுப்பு, அப்புறம்தான் டீ. சத்து மாத்திரை ராத்திரி. அடுத்த தடவை பார்த்தபோது எண் ஐந்துக்குக் கீழே வந்துவிட்டது. குரல் திரும்பியது. செடியைப் பிடிக்காமல் எழுந்து நிற்கிறேன்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். டி.எஸ்.ஹெச் பார்க்க வெறும் வயிறு கட்டாயமில்லை. சர்க்கரைக்குத்தான் அந்த நிபந்தனை. இதை எனக்குச் சொன்னவர்கள் டாக்டர்கள். இந்த எண் காலையில் கொஞ்சம் கூடுதலாகவும் பிற்பகலில் கொஞ்சம் குறைவாகவும் இருக்கும் என்றும் சொன்னார்கள். சரி, எல்லைக்கோட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு தடவை காலையில் எடுத்துப் பாருங்கள். 61 வைத்துக்கொண்டு அலைகிறவளுக்கு எந்த நேரத்தில் எடுத்தால் என்ன? ரத்தத்தைப் பிரித்துக் குளிரில் வைத்தால் மறுநாள் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அப்படியானால் மாலை ஆறு மணிக்கு, ஜீப் வந்து எங்களை இறக்கிவிடும் நேரத்தில், ரத்தம் எடுப்பதற்கு என்ன தடை?

கேட்பது இவ்வளவுதான். வாரத்தில் ஒரு நாள், ஜீப் திரும்பும் நேரத்தில் ரத்தம் எடுங்கள்.

எல்லாருக்கும் எடுக்கச் சொல்லவில்லை. அசதிக்கு ஆயிரம் காரணம் உண்டு. சர்க்கரை இருக்கலாம், ரத்தக்குறைவு மட்டுமாக இருக்கலாம், மனக்கவலையாக இருக்கலாம், நாங்கள் சாப்பிடாமல் ஜீப் ஏறுவதாகவும் இருக்கலாம். மூன்று மாதம் சத்து மாத்திரை சாப்பிட்டும் அசதி போகாதவர்கள், கூடவே குளிர் தாங்காதவர்கள், உடம்பு உப்பியவர்கள், மாதவிலக்கு அதிகம் போகிறவர்கள், இவர்களுக்காவது எடுங்கள். எங்கள் நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு ஏற்கெனவே இதற்காக ரத்தம் எடுத்து அனுப்புகிறார்கள். அதே குளிர்ப்பெட்டியில் எங்கள் குழாய்களையும் வையுங்கள்.

இது அபூர்வ நோய் இல்லை. எட்டுப் பெருநகரங்களில் எடுத்து 2013ல் வெளியான ஆய்வில், பெரியவர்களில் ஏறக்குறைய 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஏலத்தோட்டப் பெண்களுக்கு எவ்வளவு என்று எங்களிடம் வந்து யாரும் எடுத்துப் பார்த்ததில்லை. பத்தில் ஒருவர் என்று வைத்தாலே ஜீப்புக்கு ஒருத்தி கட்டாயம் இருப்பாள். அவளை இப்போது சோம்பேறி என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மனதில் கிடக்கிறது. தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு முதலாளி மருத்துவ வசதி தர வேண்டும் என்று 1951லேயே சட்டம் வந்தது. எங்களில் பாதிப் பேர் போவது அப்படிப்பட்ட சட்டம் எட்டாத சின்னத் தோட்டங்களுக்கு. பெரிய தோட்டம் என்றாலும், கங்காணி மூலம் போகிற எங்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அந்தப் பக்கம் போனால் தமிழ்நாட்டு அட்டை என்கிறார்கள், இந்தப் பக்கம் வந்தால் பகலில் வா என்கிறார்கள். ஜீப் கவிழ்ந்தால் மட்டும் இரண்டு பக்கத்து அதிகாரிகளும் ஓடி வந்து எத்தனை பேர் ஏறினார்கள் என்று எண்ணுகிறீர்கள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை வந்தபோது எங்கள் பிழைப்பு நின்றது. அணைத் தண்ணீருக்காக இரண்டு அரசாங்கமும் எத்தனையோ தடவை ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியிருக்கிறீர்கள். நாங்கள் கிள்ளிய காய்தான் போடியிலும் புத்தடியிலும் ஏலத்துக்குப் போகிறது. எங்களுக்காக ஒரு நாள் அந்த மேசையில் உட்காரக் கூடாதா? அந்தப் பக்கத்து டாக்டர் எழுதிய சீட்டை இந்தப் பக்கமும், இந்தப் பக்கத்து முடிவை அந்தப் பக்கமும் ஏற்றுக்கொள்ள ஓர் உத்தரவு போதும்.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்க வேண்டும். உங்கள் கீழே வேலை செய்கிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ரத்தம் எடுக்கும் அந்தப் பெண் பிள்ளை ஒற்றை ஆளாக நூறு பேருக்குக் குத்துகிறாள். மாலை வேலைக்கு அவளையே மறுபடி நிறுத்தாதீர்கள், இன்னோர் ஆள் கொடுங்கள். முடிவை வாங்குவதற்கும் ஒரு கூலி போகாமல், போனில் சொல்லவோ கிராம செவிலியர் கையில் கொடுத்தனுப்பவோ ஏற்பாடு செய்யுங்கள். மாத்திரை அளவு மாறினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். கூலிக்குப் பயந்து பெண்கள் அந்த மறு பரிசோதனைக்குப் போவதில்லை, பழைய அளவையே வருடக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். மாத்திரை கொடுக்கும்போது, எதோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்று இரண்டு வரி தமிழில் எழுதிக் கொடுங்கள்.

மதினி அந்தச் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. தோட்டத்துக்குத்தான் போனார். காய் எடுப்பு நடக்கும்போது ஜீப்பில் இடத்தை இழக்க அவரால் முடியாது, வீட்டில் பொண்ணுக்கு கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். அடுத்த செவ்வாயும் அவர் தோட்டத்துக்குத்தான் போவார். மாலை ஆறு மணிக்கு எங்கள் ஜீப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கும். அங்கிருந்து சுகாதார நிலையம் நடக்கும் தூரம்தான். தயவு செய்து அந்த நேரத்தில் கதவைத் திறந்து வையுங்கள். அவரை நான் கூட்டி வருகிறேன்.

இப்படிக்கு,
போடிமெட்டு வழியாக வேலைக்குப் போகும் ஏலத்தோட்டத் தொழிலாளி ஒருத்தி