‘சிபில் சரியில்லம்மா’ என்று சொல்லும் மேலாளர்களுக்கு

மதிப்பிற்குரிய வங்கிக் கிளை மேலாளர்களுக்கும் கடன் பிரிவு அலுவலர்களுக்கும், வணக்கம்.

திருப்பூரில் ஆறு மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கிறேன். போன வருடம் தீபாவளி ஆர்டரை நம்பி, இரண்டு ஓவர்லாக் மிஷினுக்குக் கடன் கேட்டு உங்களில் ஒருவர் முன்னால் உட்கார்ந்தேன். காகிதங்களையெல்லாம் பொறுமையாகப் புரட்டியவர், கம்ப்யூட்டரைப் பார்த்ததும் “சிபில் சரியில்லம்மா” என்றார். என்ன சரியில்லை என்று கேட்டேன். “அது சிஸ்டத்துல வர்றதும்மா” என்று ஃபைலை என் பக்கம் தள்ளினார். திரை மட்டும் கடைசிவரை அவர் பக்கமே இருந்தது.

வீட்டுக்கு வந்து மகனை விட்டு என் கடன் அறிக்கையை எடுக்கச் சொன்னேன். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நாட்டில் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன; யார் கடன் வாங்கினார், எப்படித் திருப்பிக் கட்டினார் என்று குறித்து வைப்பவை. நாலுக்கும் சேர்த்து நாம் சொல்லிப் பழகிய பேர்தான் சிபில். ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் ரிசர்வ் வங்கி விதி. நாலையும் எடுத்துப் பார்த்தோம். இரண்டில் என் கணக்கு சுத்தம். மற்ற இரண்டிலும் நான் வாங்காத ஒரு பர்சனல் லோன், ஓசூர் முகவரியோடு. அதன் கீழே மாதவாரியாகக் கட்டங்கள்: 000, 000, 031, 061, 092. தவணைத் தேதி தாண்டி எத்தனை நாள் ஆயிற்று என்பதுதான் அந்த எண். ஓசூர் வழியாக நான் பஸ்ஸில்கூடப் போனதில்லை.

அந்தக் கடனை வாங்கிய அம்மாவும் கே. செல்வி. எனக்குப் பேன் கார்டில் அப்பா பெயர், ஆதாரில் கணவர் இனிஷியல். குடும்பப் பெயர் இல்லாத ஊரில், படிவம் அதைக் கேட்கும் இடத்தில் எதையாவது எழுதித்தானே ஆக வேண்டும்? பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தது. அதில் அதிசயமில்லை, பள்ளியில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் போட்டுக்கொடுத்த ஜூன் 1, எங்கள் வயதில் எத்தனையோ பேருக்கு உண்டு. எங்கள் இருவரையும் பிரித்துக் காட்டியிருக்கக்கூடியது பேன் எண் ஒன்றுதான். அந்தக் கடனில் அந்த இடம் காலி.

புகார் கொடுத்த பிறகுதான் இன்னொன்று புரிந்தது. தகவல் நிறுவனம் தானாக ஒரு வரியைக்கூட அழிக்க முடியாது. கடன் கொடுத்தவர் ‘ஆமாம், தப்புதான்’ என்று உறுதி செய்தால்தான் திருத்தம். 2005ஆம் வருடக் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம் அப்படி. கடன் கொடுத்தவர் பதில் சொல்ல 21 நாள், புகார் தீர மொத்தமாக 30 நாள். அதைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறை. எனக்கு 47 நாள் ஆனது. 1,700 ரூபாய் வந்தது. தீபாவளி ஆர்டர் அதற்குள் அடுத்த தெரு யூனிட்டுக்குப் போய்விட்டது.

அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு, கடனுக்கு விண்ணப்பித்தவர் கேட்டால் நீங்கள் பார்த்த அறிக்கையின் நகலைத் தர வேண்டும் என்கிறது. கட்டணம் வாங்கிக்கொள்ளுங்கள், தருகிறோம். அன்றைக்கு எனக்கு இது தெரியாது. அந்த மேலாளருக்குத் தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். நகல்கூட வேண்டாம், “நீங்க ஓசூர்ல குடியிருந்தீங்களாம்மா?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த நாற்காலியிலேயே விஷயம் வெளியே வந்திருக்கும்.

தப்பு பிறக்கிற இடமும் உங்கள் மேஜைகள்தான். பேன் எண்ணைக் காலியாக விட்டு ஃபைலை அனுப்பாதீர்கள். இனிஷியலை விரித்து எழுதச் சொல்லுங்கள். முடிந்த கடனுக்கு, பாக்கி இல்லை என்ற என்ஓசி சான்று கொடுத்த கையோடு சிஸ்டத்திலும் முடித்துவிடுங்கள். அந்த நிறுவனங்களுக்கு நீங்கள் தகவல் அனுப்புவது 2025 ஜனவரியில் மாதத்துக்கு இரண்டு முறை என்றானது. நல்லதுதான், ஆனால் தப்பும் அதே வேகத்தில் போகும்.

அடுத்த வாரம் அதே கிளைக்கு அதே ஃபைலோடு வருகிறேன். இந்த முறை நாலு அறிக்கையும் என் கையிலேயே இருக்கும். திரையைக் கொஞ்சம் என் பக்கமும் திருப்பி வையுங்கள், சார்.

இப்படிக்கு,
கே. செல்வி
(திருப்பூர்)