விரல்களின் நிலை தெரியும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதே

அன்பு மகன் குமாருக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

இரும்புத் தகடு விழுந்து உன் இடது கையில் இரண்டு விரல்கள் நசுங்கியதையும், "ஊருக்குப் போய் ஓய்வெடு, செலவுக்கு ஏதாவது தருகிறோம்" என்று மேலாளர் சொல்வதையும் கேட்டதிலிருந்து உன் அம்மாவுக்குத் தூக்கமில்லை. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன்.

மேலாளர் தருவதாகச் சொல்லும் பணம் அவருடைய தயவு. சிங்கப்பூரின் வேலையிடக் காயத்துக்கான இழப்பீட்டுச் சட்டம் உனக்குத் தருவது உரிமை. வேலையால் காயம் பட்டிருந்தால் போதும். தவறு யாருடையது என்று நிரூபிக்க வேண்டியதில்லை, வக்கீலும் தேவையில்லை. உடலுழைப்பு வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் முதலாளி காப்பீடு எடுத்திருக்க வேண்டும் என்பதால், இழப்பீடு கேட்பது முதலாளிக்குச் செய்யும் துரோகமோ என்று நீ தயங்க வேண்டாம்.

மருத்துவ விடுப்பில் இருக்கும்போதும் சம்பளம் உண்டு. வெளிநோயாளியாக முதல் 14 நாள்களுக்கும், மருத்துவமனையில் தங்கினால் முதல் 60 நாள்களுக்கும் முழுச் சம்பளம். அதன் பிறகு விபத்து நடந்து ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. ஓவர்டைமையும் சேர்த்த சராசரியை வைத்தே இதைக் கணக்கிடுவார்கள். அடிப்படைச் சம்பளத்தை மட்டும் காட்டினால் ஒப்புக்கொள்ளாதே. சிகிச்சைச் செலவைச் சட்டம் சொல்லும் உச்சவரம்பு வரை முதலாளியே ஏற்க வேண்டும். உன் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

எனக்குப் பெரிய கவலை விரல்களைப் பற்றியதுதான். காயம் ஆறி, இனி எவ்வளவு மடங்கும், எவ்வளவு பிடிக்கும் என்று தெரிந்த பிறகே மருத்துவர் நிரந்தர ஊனத்தைச் சதவீதமாக மதிப்பிடுவார். அதற்குப் பல மாதங்கள் ஆகலாம். அந்தச் சதவீதம், உன் வயது, சராசரிச் சம்பளம் ஆகிய மூன்றையும் வைத்தே இழப்பீட்டுத் தொகை முடிவாகும். நான் சிங்கப்பூரின் ஜூரோங்கில் இருந்தபோது கட்டைவிரலில் அடிபட்ட ஒருவர் மதிப்பீடு வருமுன்பே கிடைத்த சொற்பத் தொகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு விமானம் ஏறினார். ஊருக்கு வந்த பிறகு அவரால் மண்வெட்டியைக்கூட இறுகப் பிடிக்க முடியவில்லை. அது உனக்கு நேரக் கூடாது. மதிப்பீட்டில் உடன்பாடில்லையென்றால் அறிவிப்பு கிடைத்த 14 நாள்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். இழப்பீட்டுக் கோரிக்கைக்கு விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுதான் கெடு. வேலை போய்விட்டாலும் இந்த உரிமை போகாது. நீதிமன்றத்தில் வழக்குப் போடும் வழியும் இருக்கிறது. ஆனால் அங்கே முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டும், இரண்டில் ஒரு வழியில் மட்டுமே பணம் பெறலாம். உனக்கு இந்தச் சட்டமே போதும் என்பது என் எண்ணம்.

கம்பெனி மனிதவள அமைச்சுக்குத் தகவல் கொடுத்துவிட்டதா என்று கேள். கொடுக்கவில்லையென்றால் நீயே அமைச்சுக்குச் சொல். மருத்துவரிடம் போகும் ஒவ்வொரு முறையும் வேலையிடத்தில் பட்ட காயம் என்று சொல்லி, அப்படியே எழுதியிருக்கிறார்களா என்றும் பார். சாப்பாட்டுக்குச் சிரமம் வந்தால் லிட்டில் இந்தியாவில், வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் டிடபிள்யூசி2 (TWC2) அமைப்பினர் காயம்பட்ட தொழிலாளர்களுக்கு இலவசமாக உணவு கொடுக்கிறார்கள், கூச்சப்படாமல் போ. ஏஜென்டுக்குக் கொடுக்க வேண்டிய கடனை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சம்பளச் சீட்டு, எம்.சி. (மருத்துவ விடுப்பு) சீட்டு, கையின் படம், பக்கத்தில் நின்று பார்த்தவரின் பெயர் ஆகியவற்றை இன்றே எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. போன் தொலைந்தாலும் என்னிடம் இருக்கும்.

அன்புடன்,
அப்பா