பூட்டிய வீட்டுக்குள் அடி வாங்கும் ஹோம் நர்ஸ்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் முதியோர் பராமரிப்புக் கட்டுரையில், 'நோயாளியின் கோபத்தையும் முகம் சுளிக்காமல் தாங்குபவரே நல்ல ஹோம் நர்ஸ்' என்று போட்டிருந்தீர்கள். மறதி நோய் முற்றியவருக்கு ஓர் இரவு டயப்பர் மாற்றியவர் எவரும் இந்த வரியை எழுதியிருக்க மாட்டார்.

களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரத்து வீடுகளுக்குப் பல ஆண்டுகளாக இந்த வேலைக்குப் போகிறேன். ஒரு வீட்டில் பெரியவரைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது முன்கையைக் கடித்துவிட்டார். பல் பதிந்த தடம் இன்றும் கறுத்துக் கிடக்கிறது. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. தன் பெயரே நினைவில்லாத மனிதர். ரணஜன்னி வராமலிருக்க டி.டி. ஊசி போட்டுவர ஒரு மணி நேரம் கேட்டதற்கு அவருடைய மகன் கையை ஓங்கிக்கொண்டு வந்தாரே, அதுதான் ஆறவில்லை. ஏஜென்சியிடம் சொன்னால், "நல்ல வீடு, பொறுத்துப் போ" என்றார்கள். கமிஷனை மட்டும் மாதம் தவறாமல் பிடித்துக்கொண்டார்கள். இன்னொரு வீட்டில் நான் படுத்த அறைக்குத் தாழ்ப்பாளே கிடையாது. அதற்கு மேல் எழுத மனமில்லை.

2023 மே மாதம் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில் டாக்டர் வந்தனா தாஸ் குத்திக் கொல்லப்பட்டபோது நாங்களும் அழுதோம். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்கு எதிரான சட்டத்தைக் கேரள அரசு கடுமையாக்கி ஏழு ஆண்டு வரை சிறை என்றது. தமிழ்நாட்டில் 2008 முதலே இப்படியொரு சட்டம் உண்டு; மூன்று முதல் பத்து ஆண்டு வரை சிறை. வேண்டியதுதான். ஆனால் இரண்டும் மருத்துவமனையை மனத்தில் வைத்து எழுதியவை. அங்கே காவலாளி உண்டு, கேமரா உண்டு, ஓடிவர நாலு பேர் உண்டு. எங்களுக்குச் சாட்சி அந்த வீட்டுக்காரர்கள்தான்.

நகை காணாமல் போனால் 'ஹோம் நர்ஸ் சிக்கினார்' என்று படத்தோடு போடுகிறீர்கள். அடிபட்ட ஹோம் நர்ஸைப் பற்றிக் குமரிப் பதிப்பில் ஒரு செய்தியும் நான் கண்டதில்லை. மே 12 செவிலியர் தினப் படத்திலும் எங்களுக்கு இடமில்லை.

2013ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், வேலை பார்க்கும் வீட்டையும் பணியிடம் என்றே சொல்கிறது. மாவட்டந்தோறும் உள்ளூர் புகார் குழு வேண்டும் என்கிறது. நீங்கள் அறியாததல்ல. இங்கே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும் பெண்களுக்குத்தான் தெரியவில்லை. குமரி, திருவனந்தபுரம் இரண்டு மாவட்டக் குழுக்களின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும், 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் வாரம் ஒருமுறை ராசிபலனுக்குப் பக்கத்தில் போடுங்கள். அந்தப் பக்கத்தை எல்லோரும் பார்க்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, களியக்காவிளை
(இன்னும் வேலைக்குப் போகிறேன், பெயரை வெளியிட வேண்டாம்.)