கதை இல்லாவிட்டால் நடனம் இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென் மும்பை அரங்கம் ஒன்றில் சென்ற ஞாயிறு மாலை நடந்த, மேலைநாட்டு நவீன பாலே நடனப் பதிவுகளின் திரையிடலைப் பற்றி சயான் பகுதி வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைத் தங்கள் நாளிதழில் படித்தேன். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று நடனங்களை அடுத்தடுத்துக் காட்டினார்கள், எதிலும் கதை இல்லை, நாயகன் யார் நாயகி யார் என்றே விளங்கவில்லை என்பது அவர் மனக்குறை. நானும் அன்று அந்த அரங்கில் இருந்தேன். இடைவேளையில் காப்பிக்கு நின்ற வரிசையிலும் இதே பேச்சைத் தமிழில் கேட்டேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கதை இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரே மாலையில் இரண்டு மூன்று குறும்பாலேக்களைத் தருவது மேலைநாட்டில் நேற்று முளைத்த வழக்கமல்ல. 1909-இல் பாரிஸில் ஆடத் தொடங்கிய டியாகிலெவ் என்ற அமைப்பாளரின் ரஷ்ய பாலே குழுவே ஓரங்க நடனங்களைச் சேர்த்துத்தான் நிகழ்ச்சிகளை அமைத்தது. நமக்கும் இது புதிதாக இருக்க வேண்டியதில்லை. தஞ்சை நால்வர் என்ற சகோதரர்கள் வகுத்துத் தந்த மார்க்கத்தில், அதாவது பரதநாட்டியக் கச்சேரியின் வரிசைமுறையில், முதலில் வரும் அலாரிப்புக்கு என்ன கதை? அடுத்து வரும் ஜதிஸ்வரத்தில் சாகித்தியமே, அதாவது பாடல் வரிகளே, கிடையாது. குப்பையா பிள்ளை குடும்பத்தார் 1945-இல் மாட்டுங்காவில் ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திரைத் தொடங்கிய நாள்முதல் இந்த நகரத்துத் தமிழர்கள் எத்தனையோ அரங்கேற்றங்களைப் பார்த்துவிட்டோம். ஜதிஸ்வரம் முடிந்ததும் கதை என்னவென்று நம்மில் எவரும் கேட்பதில்லை, தீர்மானம் (தாளக் கோவையின் முடிப்பு) சரியாக வந்து விழுந்ததா, அடவு (அடிப்படை ஆட்ட அசைவு) சுத்தமாக இருந்ததா என்றுதான் பார்க்கிறோம். அப்படிப் பார்க்கப் பழகிய கண்ணை பாலே என்றதும் வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டிய அவசியம் என்ன?

முதலில் காட்டிய 'செரனேட்' இதற்கு நல்ல சான்று. ஜார்ஜ் பாலஞ்சைன் 1934-இல் நியூயார்க்கில் தாம் அப்போதுதான் தொடங்கியிருந்த பள்ளியின் மாணவிகளை வைத்து, சைகோவ்ஸ்கியின் தந்திவாத்திய இசைக்கு அமைத்த நடனம் அது. திரை விலகும்போது 17 பெண்கள் வெளிர்நீல ஆடையில், வலது கையைச் சாய்வாக உயர்த்தி, கண்ணில் படும் ஒளியைத் தடுப்பவர்களைப் போல் உள்ளங்கையைத் திருப்பி நிற்கிறார்கள். மணிக்கட்டு மெல்ல மடங்குகிறது. கை நெற்றியோரத்துக்கு வந்து, பிறகு மார்புக்கு இறங்குகிறது. அதுவரை முன்னோக்கி இருந்த பாதங்கள் அனைத்தும் ஒரே கணத்தில் பக்கவாட்டில் விரிகின்றன. ஒரு சிறுமி முழங்கால்களை மடக்கி நிற்கும் அரைமண்டிக்குப் பாதங்களைத் திருப்பி வைப்பதைக் கண்டு வளர்ந்த எவருக்கும் அந்தக் கணத்தில் என்ன நடக்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. முதல் நாள் வகுப்புக்கு வந்தவர்கள் 17 பேர் என்பதால்தான் மேடையிலும் 17 பேர். ஒத்திகையில் ஒரு மாணவி தாமதமாக வந்ததும், இன்னொருத்தி தடுக்கி விழுந்ததும்கூட அப்படியே நடனத்துக்குள் சேர்க்கப்பட்டன. இதற்குப் பின்னால் நாயகியின் சோகக் கதையைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். எனக்கு இருந்த வருத்தம் வேறு: பதிவில் காமிரா அடிக்கடி முகங்களை நெருங்கிவிட்டதால், 17 பேரும் சேர்ந்து போட்ட வரிசைகளில் பாதி கண்ணுக்குத் தப்பிவிட்டது.

இரண்டாவதாக வந்த ஜிரி கிலியானின் 'பெதீத் மோர்' பற்றித்தான், ஆபாசம் என்று, சயான் வாசகர் மிகவும் கோபப்பட்டிருந்தார். மொஸார்ட் மறைந்த இருநூறாம் ஆண்டையொட்டி 1991-இல் சால்ஸ்பர்க் விழாவுக்காக அமைக்கப்பட்ட அதில் ஆறு ஆண்கள், ஆறு பெண்கள், ஆறு மெல்லிய வாள்கள். இசை தொடங்குவதற்கு முன் வாள்கள் காற்றைக் கிழிக்கும் ஓசை மட்டும் கேட்கும். பின்னர் மொஸார்ட்டின் இரண்டு பியானோ கான்செர்ட்டோக்களின் (பியானோவும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் இசை) மெதுவான விளம்பகாலப் பகுதிகள் வரும். விறைப்பான கரிய கவுன்களைப் பெண்கள் அணிந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தோம். அவை தனியே உருண்டு நகர்ந்தபோது அரங்கமே சிரித்தது. ஆடை குறைவுதான், பொருளும் காமம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் க்ஷேத்ரய்யாவின் சிருங்காரப் பதங்களை மேடையில் கண்டு தலையாட்டும் நாம் இதை ஆபாசம் என்று தள்ளுவது சரியாகப் படவில்லை. அன்று பார்த்த மூன்றில் என் மனத்தில் நின்றது இதுவே. சிறு பிள்ளைகளை அழைத்து வந்த பெற்றோரிடம் இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்ற அளவில் மட்டும் அவரோடு எனக்கு உடன்பாடு உண்டு.

கடைசி நடனமான வில்லியம் ஃபோர்சைத்தின் 'இன் தி மிடில், சம்வாட் எலிவேட்டட்' 1987-இல் பாரிஸ் ஆபரா குழுவுக்காக அமைக்கப்பட்டது. மேடைக்கு மேலே இரண்டு பொன்னிறச் செர்ரிப் பழங்கள் தொங்குகின்றன, அவ்வளவுதான் காட்சியமைப்பு. ஒத்திகைக்கு வந்தவர்களைப் போல் அலட்சியமாக நடந்து வரும் ஆட்டக்காரர்கள் திடீரென்று, கீழே விழுந்துவிடுவார்களோ என்று நாம் பதறும் அளவுக்கு உடலை அச்சிலிருந்து சாய்த்து ஆடுகிறார்கள். மலைப்பாக இருந்ததே தவிர எனக்கு மனம் ஒட்டவில்லை. இசையமைப்பாளர் டாம் வில்லெம்ஸின் மின்னணு இசை இயல்பிலேயே இடிபோன்றது. அதை அரங்கில் அந்த அளவு ஒலியில் வைத்ததால் முதியவர்கள் சிலர் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்கள். அது நடனத்தின் குற்றமல்ல.

அமைப்பாளர்கள் மீதும் எனக்குக் குறை உண்டு. மூன்று நடனங்களின் பெயர்களை ஆங்கிலத்தில் ஒருமுறை விரைவாகச் சொன்னதோடு அறிமுகம் முடிந்துவிட்டது. கையில் ஒரு தாள்கூடத் தரப்படவில்லை. கச்சேரிக்குப் போனால் ராகமும் தாளமும் அறிந்த பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம், இங்கே கேட்பதற்கும் ஆளில்லை. நடனத்தை அமைத்தவர், இசை யாருடையது, எந்த ஆண்டில் முதலில் ஆடப்பட்டது, எத்தனை நிமிடம், பிள்ளைகளோடு பார்க்கத் தகுந்ததா என்ற விவரங்களை ஒரே பக்கத்தில் மராத்தியிலும் தமிழிலும் அச்சிட்டுத் தருவது பெரிய செலவல்ல. எழுதித் தர ஆள் வேண்டுமென்றால், மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நாட்டியம் கற்பிக்கும் ஆசிரியைகளில் ஒருவரைக் கேட்டுப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செம்பூர், மும்பை