நாட்குறிப்பைக் கொடுத்தவளின் பக்கம்

டோக்கியோவின் மாங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) இதழ்களில் எந்தத் தொடர் வரவேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்யும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். சென்னையிலிருந்து எழுதுகிறேன். கல்லூரி நாட்களில் தொடங்கி இன்றுவரை உங்கள் கதைகளை ஆங்கிலம் வழியாகத்தான் வாசித்து வருகிறேன். அதிலும் ஒருவன் இன்னொருவரின் படைப்பைத் தன் பெயரில் போட்டுக்கொள்ளும் கதை என்றால் சோறு தண்ணீர் மறந்து உட்கார்ந்துவிடுவேன். கத்தி கிடையாது, பிணம் கிடையாது. ஆனாலும் பக்கத்துக்குப் பக்கம் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இந்த வகைக் கதைகளைப் பற்றி உங்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது.

நவோகி உரசாவாவும் தகாஷி நகசாகியும் 2008 முதல் 2016 வரை எழுதிய 'பில்லி பேட்' நினைவிருக்கும். மொத்தம் 20 தொகுதிகள். வருடம் 1949. கெவின் யமகாதா என்ற ஜப்பானிய அமெரிக்கர் ஒரு வௌவால் துப்பறிவாளனை வரைந்து பேர் வாங்கிவிட்டார். வேறு யாரையோ கண்காணிப்பதற்காக அவர் அறைக்கு வந்து உட்காரும் போலீஸ்காரர் ஒருவர், மேசையில் கிடக்கும் படத்தைப் பார்த்துவிட்டு, இதே வௌவாலை ஜப்பானில் பார்த்திருக்கிறேனே என்கிறார். அவ்வளவுதான், கெவினுக்குத் தூக்கம் போய்விடுகிறது. தான் எடுத்தோமா, எங்கேயோ பார்த்தது கை வழியாகத் தானே வந்துவிட்டதா என்று அவருக்கே தெரியவில்லை. உண்மையான சொந்தக்காரரைக் கண்டுபிடித்து அனுமதி கேட்பதற்காகக் கடல் கடந்து போகிறார். திருட்டுக் கதைகளில் இப்படிக் கிளம்பிப் போகிற ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் கொஞ்ச தூரத்திலேயே கதை கொலை, சதி, உலக வரலாறு என்று பெரிதாகிவிடுகிறது. அனுமதி கேட்கும் அந்தச் சின்ன விஷயம் அதற்கு அடியில் போய்விடுகிறது.

அப்புறம் 2020-இல் வாராந்திர ஷோனென் ஜம்ப்பில் வந்த 'டைம் பாரடாக்ஸ் கோஸ்ட்ரைட்டர்'. பத்து வருடம் கழித்து வரப்போகும் ஜம்ப் இதழ், தோற்றுக்கொண்டே இருக்கும் ஓர் ஓவியனின் அறையில் மைக்ரோவேவ் வழியாக வந்து விழுகிறது. அதில் இருக்கும் கதையை அவன் தன் கதையாக வரைகிறான். பிற்காலத்தில் அதைப் படைத்திருக்க வேண்டிய ஐனோ இத்சுகி இப்போது பள்ளி மாணவி. தன் மனதில் இருந்த கதை வேறொருவர் பெயரில் அச்சாகியிருப்பதைப் பார்த்துவிட்டு அவன் வீட்டுக்கே வருகிறாள். அந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இனி அவள் கண் வழியாகக் கதை போகும் என்று நம்பினேன். போகவில்லை. அவள் அவனுக்கு உதவியாளர் ஆகிறாள், கதை அவனுடைய குற்ற உணர்ச்சியின் பின்னாலேயே ஓடுகிறது. 14 அத்தியாயங்களில் தொடரும் முடிந்துவிட்டது.

எப்போதும் இப்படித்தான் நடக்கிறது. எடுத்தவனுக்கு வியர்வை, கனவு, கண்ணாடி முன் தனிமை எல்லாம் உண்டு. பறிகொடுத்தவர் அவனைத் துரத்தும் நிழலாகவோ மன்னிக்கும் தேவதையாகவோ வந்து போகிறார்.

என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். கல்லூரி இரண்டாம் ஆண்டில் நான் நோட்டில் எழுதி வைத்திருந்த கவிதை ஒன்று, ஆண்டு மலரில் ஒரு சீனியர் பெயரில் வந்தது. நோட்டை அவரிடம் படிக்கக் கொடுத்ததே நான்தான். மலரைப் புரட்டிக்கொண்டே வந்தவள் அந்தப் பக்கத்தில் நின்றேன். முதலில் கோபம் வரவில்லை. நன்றாக இருக்கிறதே, எனக்கும் இப்படித்தானே தோன்றும் என்று சந்தோஷமாக இருந்தது. மூன்றாவது வரிக்கு வந்தபோதுதான் 'தாழ்ப்பாள்' என்ற சொல்லில் நான் விட்டிருந்த ஒற்று அங்கேயும் விட்டுப்போயிருப்பதைப் பார்த்தேன். காது இரண்டும் சூடாகிவிட்டன. அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. நோட்டு அவரிடம், என்னிடம் சாட்சி எதுவும் இல்லை. இரண்டு நாள் கழித்து, ஒருவேளை அவர் சொன்ன எதையோ கேட்டுத்தான் நான் அதை எழுதினேனோ என்று என்மேலேயே சந்தேகம் வந்தது. மனதுக்குள் ஓடும் மர்மக்கதை என்று நீங்கள் அட்டையில் போடுகிறீர்களே, எனக்கு அது அந்த இரண்டு நாள்தான்.

இதற்காக நீங்கள் புதிதாகக் கற்பனை செய்யக்கூட வேண்டாம். உங்கள் ஊரிலேயே இருக்கிறது. 1938-இல் ஷிசு அரியாகே என்ற 19 வயதுப் பெண், தான் விரும்பிப் படித்த எழுத்தாளர் ஒசாமு தசாய்க்குத் தன் நாட்குறிப்பை அனுப்பினாள். ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் வரை எழுதியது. அடுத்த வருடமே அதை வைத்து தசாய் 'ஜோசெய்தோ', அதாவது 'மாணவி' என்ற கதையை வெளியிட்டார். புகழ்பெற்ற எழுத்தாளர் கவாபாத்தா அதைப் பாராட்டினார். மூன்று மாதத்து எழுத்தை, ஒரு பெண் காலையில் கண் விழிப்பதில் தொடங்கி இரவு தூங்கப் போவதுவரை ஒரே நாளாகச் சுருக்கியது தசாயின் திறமை. அதை நான் மறுக்கவில்லை, இன்றும் அந்தக் கதை எனக்குப் பிடிக்கும். ஆனால் அட்டையில் ஒரு பெயர்தான் இருந்தது. அந்த நாட்குறிப்பு அவோமோரியின் இலக்கிய அருங்காட்சியகம் வழியாக நூலாக வந்தது 2000-இல், கதை வந்து 61 வருடம் கழித்து.

இன்னொரு பெண் ஷிசுகோ ஓட்டா. 1947-இன் தொடக்கத்தில் ஷிமோசோகாவில் இருந்த அவர் வீட்டுக்கு தசாய் போனார், அவருடைய நாட்குறிப்பை வாங்கினார். அந்த வருடமே அதை வைத்து எழுதிய 'ஷயோ', அதாவது 'சாயும் சூரியன்' என்ற நாவல் தொடராக வந்து, வாழ்ந்து கெட்ட குடும்பங்களுக்கு ஜப்பானிய மொழியில் 'ஷயோசோகு' என்று ஒரு புதுப் பெயரே கிடைத்தது. அதே ஆண்டின் இறுதியில் ஷிசுகோவுக்கு தசாயின் மகள் பிறந்தாள். 1948 ஜூனில் தசாய் இறந்தார். அதற்குப் பிறகுதான் ஷிசுகோவின் நாட்குறிப்பு அச்சில் வந்தது. அந்த வரிசையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாவலை முதலில் படித்துவிட்டு நாட்குறிப்புக்கு வருகிற வாசகருக்கு என்ன தோன்றும்? தசாயைப் பார்த்து ஷிசுகோ எழுதியிருக்கிறார் என்றுதானே தோன்றும்! தன் சொந்த வரிகளுக்கே நகல் எடுத்தவளாக ஒரு பெண் நிற்க வேண்டிய நிலை அது.

தசாயை நீங்கள் எத்தனை முறை வரைந்துவிட்டீர்கள். ஜுன்ஜி இட்டோ 2017-இல் தசாயின் வேறொரு நாவலை பிக் காமிக் ஒரிஜினல் இதழில் வரையத் தொடங்கியபோது தசாயையே ஒரு பாத்திரமாகவும் உள்ளே கொண்டுவந்தார். 'புங்கோ ஸ்ட்ரே டாக்ஸ்' தொடர் அவரை நீளக் கோட்டு போட்ட துப்பறிவாளராக்கி உலகம் முழுக்கக் கொண்டுபோய்விட்டது. எனக்குத் தெரிந்த பிள்ளைகள் அவர் படத்தைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். சரி, இருக்கட்டும். ஷிசு அரியாகே எந்தச் சாவிக்கொத்தில் இருக்கிறாள்?

அவளை வைத்து ஒரு தொடர் கொடுங்கள். இப்படி ஒரு நேம், அதாவது கட்டம் கட்டமாகப் போட்ட முன்வரைவு, வரைந்து கையில் எடுத்துக்கொண்டு யாராவது இளைஞர் உங்கள் அலுவலகத்துக்கு வந்தால், கதாநாயகனுடைய கதை எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள். எழுத்தாளர் முகமே முதல் தொகுதியில் வரவேண்டியதில்லை. 1939-இன் வசந்த காலம், புது இதழ், பக்கத்தைத் திருப்பும் ஒரு விரல். அவள் கண் ஒரு வரியில் நிற்கிறது. உதட்டில் ஒரு சிரிப்பு வருகிறது. அடுத்த கட்டத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் போகவில்லை, ஆனால் விரல் மட்டும் மேல் வரிக்குத் திரும்பிப் போயிருக்கிறது. அந்த இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் இருக்கும் வெள்ளை இடைவெளியைத்தான் நான் உங்களிடம் கேட்கிறேன்.

அவள் பெயரை அட்டையில் போடுங்கள், பெரிய எழுத்தில்.

இப்படிக்கு,
உங்கள் இதழ்களின் வாசகி,
சென்னை